கடைசி பெஞ்ச் இப்போது குழித்துறையில் இருக்கிறது

"சார், வண்டி பாறசாலையில நிக்குது. இன்னைக்கு லிங்க் போடுவீங்களா?"

காலை எட்டரை மணிக்கு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி அது. வெளியே இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாகர்கோவில், இரணியல், குழித்துறைப் பக்கமிருந்து பாசஞ்சர் வண்டி பிடித்து தினமும் திருவனந்தபுரம் வந்து படிக்கும் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் 5 பேர். லிங்க் போட்டேன். மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு வழக்கம்போல் பாடத்தைத் தொடங்கினேன். எதிரே 22 பேர், திரையில் 5 பேர். பாடம் நன்றாகப் போனதாகத்தான் நினைத்தேன். மணி அடித்த பிறகு சாட் பெட்டியைத் திறந்தேன். தொடங்கிய நாலாவது நிமிடத்தில் ஒரு மாணவி எழுதியிருக்கிறாள்: "சார், ஒண்ணும் கேக்கல." அடுத்து இன்னொருவன்: "ஃபேன் சத்தம் மட்டும்தான் வருது சார்." பத்து நிமிடத்துக்குப் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை. ஆனால் ஐந்து பேரும் கடைசிவரை இணைப்பில் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வருகைப் பதிவு கிடைத்தது. பாடம் கிடைக்கவில்லை.

எதிரே இருக்கும் பிள்ளைக்குப் பாடம் புரியாவிட்டால் முகத்தில் தெரிந்துவிடும். பேனா நின்றுவிடும், பக்கத்தில் இருப்பவனின் நோட்டை எட்டிப் பார்ப்பான். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் வெறும் பெயர், ஒரு கறுப்புக் கட்டம். அவன் தவிப்பது நமக்குத் தெரியவே தெரியாது. அந்த மழைக்காலத்திலிருந்து நான் கற்றுக்கொண்டவற்றை, கல்லூரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களுக்காக, குறிப்பாக கெஸ்ட் லெக்சரராக ஓடிக்கொண்டிருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இரண்டே வரியில் சொல்வதானால் இதுதான்: கேமராவுக்குச் செலவழிக்கும் முன் மைக்குக்குச் செலவழியுங்கள். மைக் வாங்கும் முன், திரையைக் கவனிக்க ஓர் ஆளை நியமியுங்கள்.

இந்த ஊருக்குப் புதிதல்ல

முதலில் ஒரு சொல் குழப்பம். பாடத்தில் ஒரு பகுதியை ஆன்லைனிலும் மறு பகுதியை வகுப்பிலும் நடத்தினால் அது பிளெண்டட் முறை. பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே மாதம் வெளியிட்ட கருத்துக் குறிப்பு, ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை ஆன்லைனில் நடத்தலாம் என்று சொன்னது இதைத்தான். ஒரே நேரத்தில் சிலர் வகுப்பிலும் சிலர் வேறிடத்திலுமாக ஒரே ஆசிரியரிடம் படிப்பது ஹைபிரிட். முதலாவதைத் திட்டமிட்டுச் செய்யலாம். இரண்டாவது பெரும்பாலும் மழையோ நோயோ தாமதமான ரயிலோ நம் தலையில் கொண்டுவந்து இறக்குவது. கஷ்டம் முழுக்க இந்த இரண்டாவதில்தான்.

தூரத்தில் இருப்பவருக்குப் பாடம் நடத்துவதில் திருவனந்தபுரத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. கல்விக்கென்றே இஸ்ரோ செய்த எஜுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பரில் ஏவப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில், அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், தாம் இளமையில் தும்பாவில் ராக்கெட் வேலை பார்த்த இதே ஊருக்கு வந்து, அந்தச் செயற்கைக்கோள் வழியே பள்ளிகளை இணைக்கும் விக்டர்ஸ் வலையமைப்பைத் தொடங்கி வைத்தார். செயற்கைக்கோள் நிற்பது பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில். குரல் மேலே போய்க் கீழே வரக் கால் விநாடி; பதில் அதே வழியில் திரும்ப இன்னொரு கால் விநாடி. ஆக, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே குறைந்தது அரை விநாடி வெற்றிடம். இந்த அரை விநாடியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கோவிட் வந்தபோது, 2020 ஜூன் 1 அன்று பூஜப்புரையில் உள்ள கைட் நிறுவனத்தின் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. தமிழ் வழி, கன்னட வழி மாணவர்களுக்கும் பாடங்கள் தயாரித்தார்கள். அது பள்ளிக் கதைதான். ஆனாலும் கல்லூரி ஆசிரியர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. தொலைக்காட்சியில் பாடம் அரை மணி நேரம்தான். அதற்குப் பிறகு அந்தந்தப் பள்ளி ஆசிரியர் போனிலும் வாட்ஸ்அப்பிலும் பிள்ளைகளைப் பிடித்து, புரிந்ததா என்று கேட்டார். ஒளிபரப்புவது ஒருவர் வேலை, பின்தொடர்வது இன்னொருவர் வேலை. கல்லூரியில் இந்த இரண்டையும் ஒரே ஆளின் தலையில் ஒரே மணி நேரத்தில் கட்டிவிட்டோம்.

2021 ஜனவரி 4 அன்று கேரளக் கல்லூரிகள் பாதி மாணவர்களோடு திறந்தன. இரண்டாம் அலையில் மூடி, அக்டோபர் 4 அன்று இறுதியாண்டினருக்காக மீண்டும் திறந்தன. 2022 ஜனவரிக் கடைசியில் ஒமிக்ரான் ஏறியபோது, மாநிலத்திலேயே முதலாவதாகத் திருவனந்தபுரம் மாவட்டம் கட்டுப்பாடுகள் மிகுந்த 'சி' பிரிவில் வைக்கப்பட்டது. இறுதி செமஸ்டர் தவிர மற்ற வகுப்புகள் திரைக்குத் திரும்பின. 2023 செப்டம்பரில் நிபா வந்தபோது கோழிக்கோடு அதே பாதையில் நடந்தது. ஜூன் முதல் நவம்பர் வரை கலெக்டர் விடுமுறை அறிவிக்காத ஆண்டு இங்கே இல்லை. ஆகவே, ஹைபிரிட் என்பது பெருந்தொற்றோடு போய்விட்ட சமாசாரம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில் காது

படம் மங்கினால் பிள்ளை சமாளித்துக்கொள்ளும். குரல் உடைந்தால் வகுப்பு அதோடு முடிந்தது. இது என் அனுபவம் மட்டுமல்ல, ஒலியின் இயல்பே அப்படி. திறந்தவெளியில், பேசுபவருக்கும் மைக்குக்கும் இடையே தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் இறங்கும். சட்டைக் காலரில் செருகிய மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. நாம் கரும்பலகைப் பக்கம் நகரும்போது மேசை லேப்டாப் மூன்று மீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. கணக்குப் போட்டால் இருபது டெசிபலுக்கு மேல் வித்தியாசம். அந்த நிலையில் லேப்டாப்புக்கு மிக அருகே இருக்கும் சத்தம் எது? தலைக்கு மேல் சுற்றும் ஃபேன். என் பிள்ளைகள் ஃபேனை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது இதனால்தான்.

தமிழ் வகுப்பில் இதன் அடி இன்னும் பலமாக விழும். அறையின் எதிரொலியும் இரைச்சலும் சேர்ந்து இணைப்பு வழியே போகும்போது முதலில் மங்குவது ல, ள, ழ வேறுபாடு. ஒரு தடவை 'வாழை' என்று மூன்று முறை சொன்னேன். அந்தப் பக்கம் ஒருத்தி 'வாளை' என்று எழுதி, மீனைப் பற்றி ஒரு பத்தி விளக்கமும் எழுதி அனுப்பியிருந்தாள். பிழை அவளுடையதல்ல.

இந்த ஊர்க் கட்டடங்கள் காற்றோட்டத்துக்காகக் கட்டியவை. உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தை லாரி பேக்கர் கட்டிய விதத்தைப் பாருங்கள். செங்கல் ஜாலி வழியே காற்றும் ஒளியும் உள்ளே வரும், சுவரே மூச்சு விடும். அந்தப் பாணியின் சாயல் திருவனந்தபுரத்தில் எங்கும் உண்டு. காற்று வரும் வழியில் மழைச் சத்தமும் பஸ் சத்தமும் சேர்ந்துதான் வரும். ஜன்னலைச் சாத்தி வகுப்பு நடத்து என்பது இந்தப் புழுக்கத்தில் நடக்காத காரியம். வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்க வகுப்பறை ஒலித் தரம். ஃபேன் ஓடும் நம் வகுப்பில் அது கனவு. அறையை மாற்ற முடியாது என்றால் மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவருவதுதான் ஒரே வழி.

நான் செய்வதைச் சொல்கிறேன். கம்பியில்லாக் காலர் மைக் ஒன்று சொந்தமாக வைத்திருக்கிறேன். சேலை கட்டும் ஆசிரியைகள் அதைத் தோள் மடிப்பில் குத்தினால் துணி உரசும் சத்தம் வரும். நெஞ்சுக்கு நேராக, மடிப்பில்லாத இடத்தில் குத்தச் சொல்கிறேன். என் தலைக்கு மேலே உள்ள ஒரு ஃபேனை மட்டும் நிறுத்திவிடுவேன், பிள்ளைகள் பக்கத்து ஃபேன்கள் ஓடட்டும். அறையில் ஒலி வாங்குவதும் ஒலி தருவதும் ஒரே கருவியாக இருக்க வேண்டும். இரண்டாவது போன் ஒன்றில் மைக் திறந்திருந்தால் போதும், ஊளைச் சத்தம் கிளம்பிவிடும். வகுப்பில் இருக்கும் பிள்ளை கேள்வி கேட்டால், பதில் சொல்லும் முன் அந்தக் கேள்வியை என் வாயால் ஒருமுறை திரும்பச் சொல்வேன். ஆரம்பத்தில் மறந்துபோகும், மேசையில் 'கேள்வியைச் சொல்' என்று சாக்பீஸால் எழுதி வைத்துத்தான் பழகினேன். இப்போது பழக்கமாகிவிட்டது. வகுப்பில் பின்னால் இருப்பவர்களுக்கும் அதுவே உதவுகிறது.

பாடம் தொடங்கும் முன் "கேக்குதா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அதற்கு எல்லோரும் "கேக்குது சார்" என்றுதான் எழுதுவார்கள். மாறாக, ஒரு சொல்லைச் சொல்லி அதைச் சாட்டில் எழுதச் சொல்கிறேன். 'பள்ளி' என்றேன், 'பல்லி' என்று வந்தால் மைக்கைச் சரிசெய்ய வேண்டும். அரை நிமிட வேலை.

காது முதலில் என்று இவ்வளவு அழுத்திச் சொல்லும்போது, காது கேளாத மாணவரை மறக்கக் கூடாது. ஆக்குளத்தில் உள்ள தேசியப் பேச்சு, கேட்டல் நிறுவனம், இங்கே எல்லோரும் நிஷ் என்பார்கள், 1997-இல் தொடங்கியது. காது கேளாத மாணவர்களுக்கென்றே பட்டப் படிப்புகளை நடத்துகிறது. அப்படிப் படிப்பவர் நம் வகுப்பிலும் இருக்கலாம். அவருக்கு முகமும் கையும்தான் குரல். ஆசிரியரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருண்டுவிடும். சைகை மொழிபெயர்ப்பாளரின் கட்டத்தைப் பெரிதாக்கித் திரையில் நிலைநிறுத்த வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும். பலகைப் பக்கம் திரும்பியபடி பேசக் கூடாது. நல்ல காது உள்ளவர்களுக்கும் இந்த நான்கும் வகுப்பைத் தெளிவாக்கும்.

புள்ளி காணாமல் போகும் பலகை

12 அடி அகலக் கரும்பலகை முழுவதையும் கேமராவில் பிடித்து மாணவரின் போனுக்கு அனுப்புகிறோம் என்று வையுங்கள். போன் திரை நீளவாக்கில் சுமார் 14 செ.மீ. அதாவது பலகை 26 மடங்கு சுருங்குகிறது. நாம் 5 செ.மீ. உயரத்துக்கு எழுதிய எழுத்து அங்கே 2 மில்லிமீட்டர்கூட வராது. தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளிதான் முதலில் மறையும். 'கல்' என்று எழுதினால் 'கல' என்று தெரியும். யாப்பிலக்கணம் நடத்தும்போது புள்ளி போனால் அசை பிரிப்பதே தப்பாகிவிடும்.

பலகையின் இடது பாதியை மட்டும் கேமராவுக்கு ஒதுக்கி, அதில் மட்டும் எழுதுங்கள். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு அடுக்குப் புத்தகங்களின் மேல் ஒரு மரஸ்கேலைப் பாலம்போல் வைத்து, அதன் மேல் போனைக் கேமரா கீழே பார்க்கும்படி வையுங்கள். அடியில் ஒரு ஏ4 தாள், ஒரு கறுப்பு ஸ்கெட்ச் பேனா. அதை ப்ரொஜெக்டரில் போட்டால் வகுப்பில் இருப்பவர்களும் வெளியே இருப்பவர்களும் பார்ப்பது ஒரே தாள். வகுப்பு முடிந்ததும் தாளைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிடலாம். விலை உயர்ந்த ஸ்மார்ட் போர்டு இருக்கும் அறையிலும் நான் பல நாள் இந்தத் தாளைத்தான் பயன்படுத்துகிறேன்.

அந்த அரை விநாடி

நேரில் பேசும்போது ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்குவதற்கு நாம் எடுக்கும் இடைவெளி சராசரியாக ஐந்தில் ஒரு விநாடி. பத்து மொழிகளை வைத்து 2009-இல் வெளிவந்த ஆய்வு இதைக் காட்டியது. இணையத்தில் குரல் போய்ச் சேரவே அந்த நேரம் ஆகிவிடும். அதற்கு மேல் மாணவர் ம்யூட்டை நீக்க வேண்டும், பக்கத்தில் டிவி சத்தத்தைக் குறைக்க வேண்டும், கொஞ்சம் தைரியமும் வர வேண்டும். அதற்குள் முன் பெஞ்சில் இருப்பவர் பதில் சொல்லி முடித்திருப்பார். ஒவ்வொரு கேள்விக்கும் இப்படியே ஆனால், மூன்றாவது கேள்வியிலிருந்து வெளியே இருப்பவர் முயற்சி செய்வதையே விட்டுவிடுவார். எஜுசாட் காலத்து அரை விநாடி இன்றைக்கும் நம் வகுப்பில் வேறு வேடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினால் பதில்கள் நீளமாகவும் ஆழமாகவும் வருகின்றன என்று அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே காட்டினார். ஹைபிரிட் வகுப்பில் மூன்று விநாடி போதாது. நான் மனதுக்குள் பத்து எண்ணுகிறேன். பத்து எண்ணுவதற்குள் அறையே கனத்துப்போகும், அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். இன்னொன்று, கேள்வியை முதலில் வெளியே இருப்பவர்களிடம் போடுகிறேன். "மக்களே, ரயில்ல இருக்கறவங்க முதல்ல சொல்லுங்க" என்றால் வகுப்பறை தானாக அடங்கிக் காத்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக உதவியது 'லிங்க் ஆள்' என்று நாங்கள் பெயர் வைத்த ஏற்பாடு. ஒவ்வொரு வாரமும் வகுப்பில் ஒருவர் முன் பெஞ்சில் உட்கார்ந்து, லேப்டாப் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார். அவருக்கு வேலை மூன்று. சாட்டில் வரும் கேள்வியைக் கையைத் தூக்கி உரக்கப் படிப்பது, குரல் உடைந்தால் என்னை உடனே நிறுத்துவது, குழு வேலையின்போது வெளியே இருப்பவர்களைத் தன் குழுவில் சேர்த்துக்கொள்வது. என் வாக்கியத்தின் நடுவில்கூட என்னை நிறுத்த அவருக்கு உரிமை உண்டு என்று முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன். அந்த அனுமதி இல்லாவிட்டால் ஒரு பிள்ளையும் ஆசிரியரை நிறுத்தாது. இதை வேலைக்காரத்தனமாக்கிவிடக் கூடாது என்பதற்காகச் சுழற்சியில் எல்லோருக்கும் முறை வரும், அந்த வார உள்மதிப்பீட்டில் பங்கேற்புக்கு உரிய மதிப்பெண்ணும் உண்டு. போன வாரம் ரயிலில் மாட்டிக்கொண்டவன் இந்த வாரம் லிங்க் ஆளாக இருந்தால், அவனைவிடப் பொறுப்பாக அதைச் செய்பவர் கிடையாது.

டேட்டாவும் வருகையும்

ஒரு மணி நேர வீடியோ வகுப்பு சுமாராக ஒரு ஜிபி டேட்டாவைத் தின்றுவிடும். பல மாணவர்களின் போன் பேக் நாளைக்கு ஒன்றரை ஜிபி. இரண்டாவது வகுப்பின் நடுவில் திரை உறைவதற்குக் காரணம் சோம்பல் அல்ல, பணம். அதே வகுப்பைக் குரல் மட்டுமாக அனுப்பினால் 64 கிலோபிட் வேகத்தில் ஒரு மணிக்கு 30 எம்பிக்குள் அடங்கும். பாடத் தாளை முன்கூட்டியே பிடிஎஃப் ஆக அனுப்பிவிட்டு, "வீடியோவை அணைச்சுடுங்க, தாளைப் பார்த்துட்டே கேளுங்க" என்று சொல்லும் நாளில், ரயிலில் இருப்பவரும் கடைசிவரை கூடவே வருகிறார். கேரளத்தில் பொது இடங்களில் அரசின் இலவச வைஃபை உண்டு. அரசே போட்ட கே-ஃபோன் கண்ணாடி இழை வலையமைப்பும் 2023 ஜூனில் தொடங்கப்பட்டது. அதெல்லாம் நல்லது. ஆனாலும் பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் இடையே ஓடும் வண்டியில் எத்தனை கோடு சிக்னல் இருக்கும் என்பதை வைத்துத்தான் நாம் பாடத்தைத் திட்டமிட வேண்டும். இணைய வசதி கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில், விடுதி மாணவி ஒருவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு இருக்கிறது, அதை நம் வகுப்பில் நடைமுறையாக்குவது நம் பொறுப்பு.

கேமராவைத் திறந்து வை என்று யாரையும் நான் வற்புறுத்துவதில்லை. ஒரே அறை வீட்டில், பின்னால் அம்மா சமைத்துக்கொண்டிருக்க, தன் வீட்டைக் காட்ட விரும்பாத பிள்ளையின் கூச்சம் நியாயமானது. நாள் முழுக்கத் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு களைப்புதான். ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் வீடியோ சந்திப்புக் களைப்புக்குச் சொன்ன நான்கு காரணங்களில் அதுவும் ஒன்று. அப்படியானால் வருகையை எப்படி எடுப்பது? 75 சதவீத விதி எல்லோர் கழுத்திலும் தொங்குகிறது. என் வழி: லாகின் செய்ததற்கு வருகை கிடையாது. வகுப்பின் நடுவே ஒன்று, கடைசியில் ஒன்று என இரண்டு வரிப் பதில் எழுத வேண்டும். வகுப்பில் இருப்பவர்கள் தாளில், வெளியே இருப்பவர்கள் சாட்டில். இணைப்பு அறுந்தவர்கள் மாலைக்குள் குரல் செய்தியாக அனுப்பலாம். வருகையும் கிடைக்கிறது, புரிந்ததா என்பதும் தெரிகிறது.

உங்கள் உழைப்புக்குக் கணக்கு

இனி பேசப்போவது பணியாளர்களாக நம்மைப் பற்றி. சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரயன் பீட்டி உருவாக்கிய ஹைஃப்ளெக்ஸ் முறை, எப்படி வருவது என்ற தேர்வை மாணவரிடமே விடுகிறது. எந்த வழியில் வந்தாலும் சமமான பாடம் கிடைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நல்ல கொள்கை. ஆனால் அதை ஒழுங்காகச் செய்ய ஆசிரியருக்குக் கூடுதல் நேரம் வேண்டும். தாள் தயாரிப்பு, இணைப்பு ஒழுங்கு, பிறகு வரும் குரல் செய்திகளைக் கேட்பது. கால அட்டவணையில் இது எங்கேயும் எழுதப்படுவதில்லை. மாதம் ஒருமுறை, எத்தனை ஹைபிரிட் வகுப்பு, எத்தனை மணி கூடுதல் வேலை என்று ஒரு நோட்டில் குறித்து துறைத் தலைவரிடம் கொடுங்கள். புகாராக வேண்டாம், பதிவாக இருக்கட்டும். அடுத்த ஆண்டுப் பணிப் பங்கீட்டின்போது பேச உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

கெஸ்ட் லெக்சரர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரெக்கார்டு பட்டனை அழுத்தும் முன், அந்த வீடியோ எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள், எத்தனை மாதம் இருக்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்த ஆண்டு நீங்கள் பேசிய பாடம் அடுத்த ஆண்டு உங்கள் இடத்தில் ஓடக் கூடாது. வீடியோவில் பதிவாகும் மாணவர்களிடமும் சம்மதம் கேட்பது முறை. நான் செமஸ்டர் முடிந்ததும் அழித்துவிடுவேன் என்று சொல்லித்தான் பதிவு செய்கிறேன், சொன்னபடியே அழிக்கிறேன்.

ஒரு மணி நேர வகுப்பை அப்படியே பதிவு செய்து போடுவதால் மாணவருக்கும் பெரிய லாபமில்லை, உங்களுக்கும் இல்லை. எடெக்ஸ் தளத்தின் 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசிய 2014-ஆம் ஆண்டு ஆய்வு, எவ்வளவு நீள வீடியோ ஆனாலும் மாணவர் பெரும்பாலும் 6 நிமிடத்துக்கு மேல் நிலைப்பதில்லை என்று கண்டது. ஆகவே வகுப்பின் மிகக் கடினமான ஒரு முடிச்சை மட்டும் 6 நிமிடத்தில் தனியாகப் பேசிப் பதிவு செய்யுங்கள். அதோடு ஒரு வாசிப்புத் தாள், ஐந்து கேள்வி, ஒரு விவாதத் தலைப்பு சேர்த்தால் ஸ்வயம் தளம் கேட்கும் நான்கு பகுதிகளும் அமைந்துவிடும். மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின் ஆய்வு மதிப்பெண் பட்டியலில், நான்கு பகுதிகளும் கொண்ட முழு மின்பாடத்துக்கு 12 புள்ளி, ஒரு மாட்யூலுக்கு 5 புள்ளி. 4 கிரெடிட் மூக் பாடம் முழுவதுமாகச் செய்தால் 20. வெறும் வகுப்புப் பதிவுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. புதிய விதிகளின் வரைவு 2025 ஜனவரியில் வெளிவந்தது, எனவே விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த விதியானாலும், நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது உங்கள் பையில் அப்படி ஒரு மாட்யூல் இருக்கட்டும். "ஹைபிரிட் வகுப்பு எடுத்திருக்கிறேன்" என்று சொல்வதைவிட, "இந்த வகுப்பில் மூன்றாவது வாரம் வெளியே இருந்தவர்கள் இப்படிப் பதில் எழுதினார்கள், அதன்பின் நான் இதை மாற்றினேன்" என்று ஒரு தாளைக் காட்டுவது தேர்வுக் குழுவின் கவனத்தைப் பிடிக்கும்.

எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்திவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. ஐஐடி மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப் படிப்பில் பாடம் வீடியோவாக வீட்டுக்கே வருகிறது. ஆனால் தேர்வு எழுத மாணவர் மையத்துக்கு நேரில் போக வேண்டும். எதைத் தூரத்தில் விடலாம், எதற்கு ஆள் வந்தே தீர வேண்டும் என்று அவர்கள் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டை ஒவ்வொரு துறையும் தனக்காகப் போட்டுக்கொள்ள வேண்டும். விரிவுரை, சந்தேகம் தெளிதல், ஆய்வுக் கட்டுரை வாசிப்பு இவற்றை ஹைபிரிட்டில் தாராளமாகச் செய்யலாம். ஆய்வகம், ஓலைச்சுவடிப் பயிற்சி, கள ஆய்வு ஆகியவற்றை மழை நின்ற நாளுக்குத் தள்ளி வையுங்கள். ஓலையைக் கையில் பிடித்துச் சாய்த்து, வெளிச்சத்தில் கீறலைப் பார்ப்பதைத் திரை தராது.

மாணவர்களுக்கு இரண்டு வார்த்தை. இயர்போனில் மைக் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கேட்கவில்லை என்றால் ஒரு தடவை எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள், லிங்க் ஆளுக்குப் போன் போடுங்கள். ஆசிரியர் கவனிக்கவில்லை என்றால் உங்கள் மேல் அக்கறையில்லாததால் அல்ல, பெரும்பாலும் அவருக்குத் தெரியாததால்தான்.

போன ஜூலையில் மறுபடியும் வண்டி பாறசாலையில் நின்றது. லிங்க் ஆளாக இருந்தவள் கையைத் தூக்கி, "சார், ஒரு நிமிஷம், பிரதீப்புக்கு ஒரு கேள்வி இருக்கு" என்றாள். ஸ்பீக்கரில் முதலில் பிளாட்பார அறிவிப்பு வந்தது, பிறகு அவன் குரல். தளை பற்றிய கேள்வி, நான் சரியாக விளக்காமல் விட்ட இடம். நான் வாயைத் திறக்கும் முன் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து, ஸ்கேலுக்கு அடியில் இருந்த தாளில் அசையைப் பிரித்துக் காட்டத் தொடங்கினாள். இருவரும் இரண்டு நிமிடம் வாதாடினார்கள். பேனா புள்ளி வைக்கும் சத்தம்கூட மைக்கில் கேட்டது. பிறகு அவன், "வண்டி எடுத்தாச்சு சார், சிக்னல் போகும். நெய்யாற்றங்கரை வந்ததும் மறுபடி வாறேன்" என்றான்.